சுவர் விரிசல் ஓடுகிறதா, நின்றுவிட்டதா? எந்த அறிகுறிக்கு எந்தக் கருவி

சுவரில் விரிசல் தெரிந்ததும் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். கொத்தனாரைக் கூப்பிட்டு, கொஞ்சம் கீறிவிட்டு, பட்டி போட்டு அடைத்து, மேலே பெயிண்ட் அடித்துவிடுவார்கள். அடுத்த வெயிலுக்கோ அடுத்த மழைக்கோ அதே இடத்தில் அதே கோடு திரும்ப வந்து நிற்கும். அடைத்த செலவு போனதுகூடப் பெரிதில்லை. விரிசல் எவ்வளவு அகலம் இருந்தது, எந்தப் பக்கம் நகர்ந்தது, எங்கே முடிந்தது என்ற தடயம் எல்லாம் பட்டிக்குள்ளே போய்விடுகிறது. அதனால்தான் சொல்கிறேன், அடைப்பதற்கு முன்னால் அளக்க வேண்டும்.

எதை வைத்து அளப்பது என்பதில்தான் குழப்பம். கடையில் கேட்டால் ஒருவர் கண்ணாடித் துண்டு ஒட்டச் சொல்வார், ஒருவர் சென்சார் விற்பார். விலையைப் பார்த்துக் கருவி வாங்காதீர்கள், விரிசல் உங்களிடம் என்ன கேள்வியை எழுப்புகிறது என்று பார்த்து வாங்குங்கள். நகர்கிறதா என்பது ஒரு கேள்வி, எவ்வளவு நகர்கிறது என்பது வேறு, எந்தத் திசையில் என்பது இன்னும் வேறு. மூன்றுக்கும் ஒரே கருவி பதில் சொல்லாது. கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன், உங்கள் சுவரில் இருப்பது எதுவோ அதற்கு நேராகப் போய்ப் படிக்கலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

கருவியே வேண்டாம், உடனே ஆளைக் கூப்பிட வேண்டிய அறிகுறிகள்

பில்லரில் கான்கிரீட் பிளந்து கம்பி வெளியே வளைந்து தெரிகிறது. நேற்றுவரை சரியாக மூடிய கதவும் ஜன்னலும் இன்று திடீரென்று சிக்குகின்றன. சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கிறது. பீம் உட்காரும் இடத்தில் புது விரிசல். இரவில் சுவரிலிருந்து வெடிக்கிற சத்தம் கேட்கிறது. ஒரே வாரத்தில் கண்ணுக்கே தெரிகிற அளவு விரிசல் அகலமாகிவிட்டது. இதில் ஏதாவது ஒன்று இருந்தால் அளவு எடுத்துக்கொண்டு உட்காரக் கூடாது. அந்த அறையைக் காலி செய்து, முட்டு கொடுத்து, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வரவழைக்க வேண்டும். கண்காணிப்பு என்பது காத்திருக்க நேரம் இருக்கிற கட்டடத்துக்குத்தான்.

அறிகுறி: பூச்சு முழுக்க மயிரிழை மாதிரி வலைவலையாகக் கீறல்

பெரும்பாலும் பூச்சு சுருங்கியதால் வருவது. சிமெண்ட் அதிகமாகப் போட்டிருப்பார்கள், அல்லது தண்ணீர் தெளித்துப் பதப்படுத்தாமல் விட்டிருப்பார்கள். விரல் மூட்டால் தட்டிப் பாருங்கள். பொக்கையாகச் சத்தம் வந்தால் பூச்சு செங்கலை விட்டுக் கழன்றிருக்கிறது, அந்தப் பகுதியைப் பெயர்த்துப் பூச வேண்டியதுதான். சத்தம் கெட்டியாக இருந்தால் கீறலின் நுனியில் பென்சிலால் ஒரு குறுக்குக் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதிவிடுங்கள். கோட்டைத் தாண்டிக் கீறல் வளர்ந்தால் அப்புறம் யோசிக்கலாம். இதற்கு மேல் செலவு தேவையில்லை.

அறிகுறி: பில்லருக்கும் செங்கல் சுவருக்கும் நடுவே நேர்க்கோடாக விரிசல்

கான்கிரீட்டும் செங்கலும் வெவ்வேறு அளவில் சூடேறி விரிகின்றன, ஈரம் வற்றிச் சுருங்குவதும் வேறு வேறு. இரண்டும் சேரும் இடத்தில் வலைக்கம்பி வைக்காமல் பூசியிருந்தால் அந்த இணைப்பில் பிரிவது சகஜம். இங்கே கிராக் கார்டு போதும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் அட்டையில் 0.1 மி.மீ. தொடங்கி வெவ்வேறு தடிமனில் கோடுகள் அச்சிட்டிருப்பார்கள், விரிசல் மேல் வைத்து எந்தக் கோட்டோடு பொருந்துகிறதோ அதுதான் அகலம்.

கார்டு வாங்கியவர்கள் செய்கிற தவறு, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் வைத்துப் பார்ப்பது. ஒரே விரிசல் மேலே 1 மி.மீ., கீழே 0.3 மி.மீ. என்று இருக்கும். மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்து அ, ஆ, இ என்று சுவரிலேயே எழுதி, எப்போதும் அங்கேயே பாருங்கள். பூச்சின் ஓரம் உதிர்ந்த இடத்தில் வைத்தால் விரிசல் இருப்பதைவிட அகலமாகத் தெரியும், அதைத் தவிருங்கள். 1984இல் வந்த எஸ்பி 25 என்ற இந்தியத் தரக் கையேடு 1 மி.மீ.க்குள் இருந்தால் மெல்லியது, 1 முதல் 2 வரை நடுத்தரம், 2க்கு மேல் அகலமானது என்று பிரிக்கிறது. அகலத்தை மட்டும் வைத்துப் பயப்படவோ நிம்மதியடையவோ வேண்டாம், நகராத 3 மி.மீ. விரிசலைவிட மாதாமாதம் வளர்கிற 1 மி.மீ. விரிசல்தான் கவனிக்க வேண்டியது.

அறிகுறி: மொட்டை மாடித் தளத்துக்குக் கீழே, சுவரின் உச்சியில் கிடைமட்டமாக விரிசல், எத்தனை முறை அடைத்தாலும் திரும்ப வருகிறது

நம் ஊரில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இந்த விரிசல்தான். வீடு இறங்குகிறது என்று பயந்து அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்ப்பவர்கள்கூட உண்டு. அநேகமாகக் காரணம் வெயில். 10 மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் தளம் 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 2 மி.மீ. நீளும். கீழே நிழலில் இருக்கிற செங்கல் சுவர் அவ்வளவு சூடாவதில்லை, சூடானாலும் கான்கிரீட்டில் பாதி அளவுக்குத்தான் விரியும். தளம் சுவரின் தலையைப் பகலில் வெளியே தள்ளி இரவில் உள்ளே இழுக்கிறது, பலவீனமான கோட்டில் விரிசல் விழுகிறது.

இதைச் சந்தேகமில்லாமல் கண்டுபிடிக்க வழி இருக்கிறது, ஆனால் அதற்கு டெல்டேல் உதவாது. டெல்டேல் என்பது ஒன்றின் மேல் ஒன்றாக வரும் இரண்டு பிளாஸ்டிக் தகடுகள். ஒன்றில் மி.மீ. கட்டங்கள், மற்றதில் கூட்டல் குறி. விரிசலின் இரு பக்கமும் ஒவ்வொன்றை ஒட்டினால் குறி நகர்வது கட்டத்தில் தெரியும். அதில் கண்ணால் அரை மி.மீ. வரை மதிப்பிடலாம், அவ்வளவுதான். ஒரு நாளுக்குள் நடக்கிற 0.2, 0.3 மி.மீ. அசைவு அதில் பிடிபடாது, எதுவுமே நகரவில்லை என்று தவறான தைரியத்தைக் கொடுத்துவிடும்.

இங்கே வேண்டியது இரண்டு ஸ்க்ரூவும் ஒரு வெர்னியர் காலிப்பரும். துருப்பிடிக்காத பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ வாங்குங்கள். பூச்சில் மட்டும் நிற்கக் கூடாது. பூச்சு 12 முதல் 20 மி.மீ. வரை இருக்கும், அதைத் தாண்டிச் செங்கலுக்குள் போகிற நீளம் வேண்டும், 40 மி.மீ. எடுத்தால் சரியாக இருக்கும். டிரில் போட்டு, பிளக் வைத்து, அரால்டைட் மாதிரி எபாக்சி தடவி இறுக்கிவிடுங்கள். விரிசலுக்கு மேலே தளத்தின் ஓரத்தில் ஒன்று, கீழே சுவரில் ஒன்று, இடையில் 80 மி.மீ. பசை நன்றாக இறுகுவதற்கு ஒரு நாள் விட்டு, இரண்டு ஸ்க்ரூ தலைகளின் வெளி ஓரத்தையும் காலிப்பரின் தாடையால் பிடித்து அளவெடுங்கள். தலையின் விட்டமும் சேர்ந்து வரும், பரவாயில்லை, நமக்கு வேண்டியது வித்தியாசம் மட்டும்தான்.

வானம் தெளிவாக இருக்கிற ஒரு நாளில் விடிகாலை ஒரு அளவு, மாலை நான்கு மணிவாக்கில் ஒரு அளவு, மறுநாள் விடிகாலை இன்னொன்று எடுங்கள். மாலையில் மாறி, மறுநாள் காலையில் பழைய எண்ணுக்கே திரும்பிவந்தால் வெயில்தான் காரணம் என்பது உறுதியாகிறது. தளம் வெளிப்பக்கமாகச் சறுக்குவதையும் பார்க்க வேண்டும் என்றால் மூன்றாவது ஸ்க்ரூ வேண்டும், அதை அடுத்த பகுதியில் சொல்கிறேன். காரணம் தெரிந்துவிட்டால் வைத்தியமும் மாறுகிறது. சிமெண்ட் வைத்து அடைப்பது வீண், இழுபடுகிற சீலண்ட் வேண்டும், அதைவிட முக்கியமாக மாடிக்கு மேலே சூட்டைக் குறைக்க வேண்டும். வெதரிங் கோர்ஸ், அதாவது தளத்துக்கு மேலே வெயிலுக்கும் மழைக்கும் காப்பாகப் போடுகிற அடுக்கு, பெயர்ந்திருந்தால் புதிதாகப் போடுங்கள், அல்லது வெள்ளை வெப்பத் தடுப்பு பெயிண்ட் அடியுங்கள்.

அறிகுறி: வீட்டு மூலையிலிருந்து, அல்லது ஜன்னல் மூலையிலிருந்து படிப்படியாகச் சாய்வாக இறங்கும் விரிசல்

இதில்தான் பொறுமையும் கவனமும் வேண்டும். செங்கல் இணைப்பு வழியே படி இறங்குகிற மாதிரிப் போய், ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் மெல்லியதாகவும் இருந்தால், வீட்டின் ஒரு பகுதி மற்றதைவிட இறங்குகிறது அல்லது ஏறுகிறது என்று அர்த்தம். கருவி வைக்கும் முன்னால் சுற்றிலும் ஒரு நடை போய்வாருங்கள். மூலைக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் கசிகிறதா, செப்டிக் டேங்க் நிரம்பி வழிகிறதா, மாடித் தண்ணீர் குழாய் வழியே வந்து அஸ்திவாரத்தின் ஓரத்திலேயே கொட்டுகிறதா, சுவரை ஒட்டிப் பெரிய மரம் இருக்கிறதா. பல வீடுகளில் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

கோவில்பட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டை, கோயம்புத்தூரின் சில பகுதிகள் என்று கரிசல் மண் இருக்கிற ஊர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. கரிசல் ஈரம் குடித்து ஊதும், காய்ந்தால் சுருங்கும். வீட்டுக்கு அடியில் இருக்கிற மண்ணைவிடச் சுற்றியுள்ள மண்தான் வேகமாகக் காய்வதும் நனைவதும். அதனால் கோடையில் வீட்டின் ஓரம் இறங்கி விரிசல் திறக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் ஓரம் மேலெழும்பி விரிசல் கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும். சித்திரையில் மட்டும் அளந்தவருக்கு வீடு இடியப்போகிற மாதிரித் தோன்றும், கார்த்திகையில் மட்டும் அளந்தவருக்கு எல்லாம் சரியாகிவிட்ட மாதிரித் தோன்றும். ஒரு கத்திரி வெயிலும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் கடக்கிற அளவுக்கு, அதாவது குறைந்தது ஒரு வருடம் அளந்தால்தான் பருவத்தோடு போய்வருகிற அசைவையும் ஒரே பக்கமாக வளர்ந்துகொண்டே போகிற அசைவையும் பிரித்துப் பார்க்க முடியும்.

இங்கே மூன்று ஸ்க்ரூ முறையைத்தான் நான் பரிந்துரைப்பேன். விரிசலுக்கு இடது பக்கம் 'அ', அதே மட்டத்தில் வலது பக்கம் 'ஆ', 'அ'வுக்கு நேர் கீழே, இடது பக்கத்திலேயே, அதே 80 மி.மீ. தூரத்தில் 'இ'. ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் அ-ஆ தூரத்தையும், இ-ஆ குறுக்குத் தூரத்தையும் அளக்க வேண்டும். அ-ஆ மாற்றம்தான் விரிசல் திறந்த அளவு. குறுக்குத் தூரத்தின் மாற்றத்தை 1.41ஆல் பெருக்கி, அதிலிருந்து திறந்த அளவைக் கழித்தால் வலது பக்கம் எவ்வளவு ஏறியது என்று வரும், கழித்தல் குறியோடு வந்தால் இறங்கியிருக்கிறது.

உதாரணத்துக்கு, போன அளவிலிருந்து அ-ஆ 0.40 மி.மீ. கூடியிருக்கிறது, குறுக்குத் தூரம் 0.12 மி.மீ. குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.12 கழித்தலை 1.41ஆல் பெருக்கினால் கழித்தல் 0.17. அதிலிருந்து 0.40ஐக் கழித்தால் கழித்தல் 0.57. வலது பக்கச் சுவர் அரை மி.மீ.க்குச் சற்று மேலே இறங்கியிருக்கிறது. வெறும் அகலத்தை மட்டும் அளந்திருந்தால் இது தெரியவே வராது, அகலத்தைவிட இறக்கம்தான் இங்கே பெரியது என்பதைக் கவனியுங்கள்.

கூடவே தண்ணீர் டியூப் ஒன்று வேண்டும், கொத்தனார் மட்டம் பார்க்கிற அதே ஒளி ஊடுருவும் டியூப். வீட்டின் நான்கு மூலையிலும் பேஸ்மெண்ட் உயரத்தில் நிரந்தரமாக ஒரு ஸ்க்ரூ அடித்து, ஒன்றுக்கொன்று மட்ட வித்தியாசத்தை எழுதி வைத்துக்கொண்டு சில மாதங்களுக்கு ஒருமுறை ஒப்பிடுங்கள். டியூபில் காற்றுக் குமிழி இருந்தால் அளவு தப்பாகும். இதில் 1, 2 மி.மீ. துல்லியம்தான் கிடைக்கும், ஆனாலும் எந்த மூலை இறங்குகிறது என்று சொல்ல அது போதும்.

அகலம் பற்றி ஒரு அளவுகோல் வேண்டும் என்று கேட்பார்கள். பிரிட்டனின் கட்டட ஆய்வு நிறுவனமான பிஆர்இ வகுத்த பட்டியலில் 5 மி.மீ. வரை பெரும்பாலும் தோற்றம் சார்ந்த சேதம், 5 முதல் 15 வரை போனால் கதவு ஜன்னல் சிக்குகிற நிலை, 25க்கு மேல் கட்டடம் நிலையாக நிற்குமா என்ற கேள்வி. செங்கல் சுவருக்கான பொதுவான வழிகாட்டி இது, பில்லருக்கும் பீமுக்கும் இதைப் பொருத்திப் பார்க்கவே கூடாது.

அறிகுறி: பக்கத்து மனையில் அடித்தளம் தோண்ட ஆரம்பித்ததும் விரிசல் வந்தது

இங்கே கேள்வி எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறோம் என்பதல்ல, யார் பார்த்தாலும் ஒப்புக்கொள்கிற மாதிரிப் பதிவு இருக்கிறதா என்பது. அதற்கு டெல்டேல்தான் சரி. காலிப்பர் எண்ணை நீங்கள் எழுதியதாகச் சொல்வார்கள், டெல்டேல் சுவரிலேயே எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி நிற்கும், போட்டோ எடுத்தால் எண்ணும் நிலையும் சேர்ந்து பதிவாகும். சுரங்க மெட்ரோ வேலை நடக்கிற பகுதிகளில் பழைய கட்டடங்களின் சுவரில் இதே மாதிரிக் கருவிகளை ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

தோண்டும் வேலை தொடங்கும் முன்பே வீட்டிலுள்ள பழைய விரிசல் அத்தனையையும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, முடிந்தால் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் எழும் சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். பள்ளம் திறந்திருக்கிற நாட்களில் தினமும் பாருங்கள், பள்ளத்துத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்கிறார்கள் என்றால் இன்னும் கவனமாக. நிலத்தடி நீர் இறங்கினால் உங்கள் அஸ்திவாரத்துக்கு அடியில் உள்ள மண்ணும் அமுங்கலாம். குறி 1 மி.மீ. நகர்ந்துவிட்டால் மாதக் கடைசிவரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே எழுத்துமூலம் தெரிவித்து, ஒரு இன்ஜினியரை அழைத்து ஆட்டோ லெவல் (முக்காலியில் நிறுத்தித் தொலைநோக்கி வழியே மட்டம் பார்க்கும் கருவி) வைத்து மட்டம் பார்க்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: பீம், பில்லர், சன்ஷேடில் கம்பி ஓடுகிற திசையிலேயே விரிசல், பழுப்புக் கறை

உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைத்துக்கொண்டு கான்கிரீட்டைப் பிளக்கிறது. இதற்கு டெல்டேலோ காலிப்பரோ வைத்து மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பது கால விரயம், விரிசல் நகர்கிறதா என்பது இங்கே கேள்வியே இல்லை. சிறு சுத்தியலால் தட்டி எவ்வளவு தூரம் பொக்கையாக இருக்கிறது என்று சாக்பீஸால் வட்டமிடுங்கள். இன்ஜினியர் வந்தால் கவர் மீட்டர் வைத்துக் கம்பிக்கு மேல் கான்கிரீட் எவ்வளவு கனம் என்று பார்ப்பார். புதிதாக உடைத்த இடத்தில் பினால்ஃப்தலீன் என்ற ரசாயனக் கரைசலைத் தெளித்தால் நல்ல கான்கிரீட் ரோஸ் நிறமாகும், காரத்தன்மை போய்விட்ட இடம் நிறம் மாறாது. அந்த இடத்தில் கம்பிக்குப் பாதுகாப்பு இல்லை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதிமுறையான ஐஎஸ் 456 சொல்கிற 0.3 மி.மீ., ஈரம் படும் இடங்களுக்கு 0.2 மி.மீ. என்ற வரம்பெல்லாம் வடிவமைப்புக்கானது, துருவால் வந்த விரிசல் 0.2 மி.மீ.தான் இருக்கிறது என்று சும்மா விட்டுவிட அதை ஆதாரமாகக் காட்ட முடியாது.

கருவியே தொல்லை கொடுத்தால்

ஒட்டிய கண்ணாடித் துண்டு உடைந்துவிட்டது. நகர்ந்திருக்கிறது என்று தெரிகிறது, எவ்வளவு, எந்தப் பக்கம் என்று தெரியாது. இதைவிட ஆபத்தானது கண்ணாடி உடையாமல் இருப்பது, ஏனென்றால் ஒட்டிய சிமெண்டோ பசையோ ஒரு பக்கம் கழன்றிருந்தால் சுவர் நகர்ந்தாலும் கண்ணாடி அப்படியே நிற்கும். விரிசல் மேல் சிமெண்ட் பொட்டு வைப்பதும் இதே ரகம். என்னைக் கேட்டால் இரண்டையுமே விட்டுவிடலாம்.

டெல்டேல் குறி ஒரு நாள் குதித்துவிட்டு மறுபடி அசையவில்லை. பெரும்பாலும் யாரோ இடித்திருக்கிறார்கள், அல்லது சுண்ணாம்பு அடித்த சுவரில் ஒட்டியதால் சுண்ணாம்புப் படலத்தோடு உரிந்து வந்திருக்கிறது. ஒட்டும் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து எபாக்சியோடு ஸ்க்ரூவும் போடுங்கள். பசை இறுகியதும் இரண்டு தகடுகளையும் சேர்த்துப் பிடிக்கிற சின்ன முளைகளை எடுக்க மறந்துவிடாதீர்கள்.

ஒரே நாளில் இரண்டு பேர் எடுத்த அளவு ஒத்துப்போகவில்லை. டெல்டேல் என்றால் பக்கவாட்டில் நின்று பார்த்திருப்பார்கள், கண் நேராகக் குறிக்கு எதிரே இருக்க வேண்டும், போட்டோவும் அப்படித்தான் எடுக்க வேண்டும். காலிப்பர் என்றால் தாடையை அழுத்திய விதம் வேறுபட்டிருக்கும். மூன்று முறை எடுத்துச் சராசரி போடுங்கள், முடிந்தவரை ஒரே ஆள், ஒரே காலிப்பர். டிஜிட்டல் காலிப்பரின் திரையில் 0.01 மி.மீ. வரை எண் தெரிகிறது என்பதற்காக அதை நம்பிவிட வேண்டாம், கையால் அளப்பதில் 0.1 மி.மீ.க்குக் குறைந்த வித்தியாசத்தை நான் அசைவாகவே எடுத்துக்கொள்வதில்லை.

அளவு மேலும் கீழும் ஆடுகிறது, போக்கு எதுவும் பிடிபடவில்லை. நோட்டைப் பாருங்கள், ஒரு நாள் காலை ஏழு மணிக்கும் இன்னொரு நாள் மதியமும் எடுத்திருப்பீர்கள். எப்போதும் விடிகாலையில் எடுத்து, தேதி, நேரம், வெப்பநிலை, முந்தின நாள் மழை பெய்ததா என்பதையும் பக்கத்தில் எழுதினால் ஆட்டத்துக்குக் காரணம் தானாகவே தெரியவரும்.

சென்சார், டேட்டா லாகர் எப்போது?

ஏணி வைத்தும் எட்டாத உயரம், ஆள் போய்வர முடியாத பழைய கோபுரம், மணிக்கொரு தடவை தெரிந்தாக வேண்டிய சுரங்க வேலை, இரவில் நடக்கும் பைலிங் (அஸ்திவாரத்துக்காக நிலத்துக்குள் ஆழமாகத் தூண் இறக்கும் வேலை). இவற்றுக்கு அதிர்வுக் கம்பி கிராக் மீட்டரும் (உள்ளே இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வை வைத்து விரிசலின் அசைவைச் சொல்லும் சென்சார்), அதன் அளவுகளைத் தானாகவே பதிவு செய்யும் லாகரும் நியாயமான செலவு. வெப்பநிலையைச் சேர்த்துப் பதிவு செய்யாத கருவியை வாங்காதீர்கள், வெயிலால் வந்த அசைவைப் பிரிக்க முடியாமல் ஆயிரக்கணக்கான எண்களைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டிவரும். சாதாரண வீட்டுக்கு இது தேவையில்லை, அந்தப் பணத்தில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை இரண்டு முறை வரவழைத்துவிடலாம். டெமெக் கேஜும் அப்படித்தான், மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் அளக்கக்கூடிய அருமையான கருவி, ஆனால் அது பாலத்துக்கும் பரிசோதனைக் கூடத்துக்கும் உரியது.

எத்தனை நாளுக்கு ஒரு அளவு, எப்போது நிறுத்துவது?

முதல் மாதம் வாரம் ஒருமுறை, அப்புறம் மாதம் ஒருமுறை. பெருமழைக்குப் பிறகும், பக்கத்தில் ஏதாவது வேலை தொடங்கினாலும் கூடுதலாக ஒன்று. ஒரு வருடம் முடிந்து, போன சித்திரை எண்ணும் இந்தச் சித்திரை எண்ணும் 0.1, 0.2 மி.மீ.க்குள் ஒத்துப்போனால் விரிசல் பருவத்தோடு ஆடுகிறதே தவிர வளரவில்லை, இழுபடுகிற பொருளை வைத்து அடைத்துக்கொள்ளலாம். அது அகலமாகத் திறந்திருக்கிற பருவத்தில் அடைப்பது நல்லது, மூடியிருக்கும்போது அடைத்தால் திறக்கும்போது பிய்ந்துவிடும். எண் ஒரே பக்கமாக ஏறிக்கொண்டே போயிருந்தால் அடைக்காமல் அந்த நோட்டை அப்படியே இன்ஜினியரிடம் கொடுங்கள். அஸ்திவாரத்தைப் பலப்படுத்த வேண்டுமா, தண்ணீர் போகும் வழியை மாற்றினாலே போதுமா என்று முடிவெடுக்க, அவர் ஒரு நாள் வந்து பார்ப்பதைவிட உங்களுடைய ஒரு வருட எண்கள்தான் உதவும்.

அடைத்த பிறகும் ஸ்க்ரூக்களைப் பிடுங்க வேண்டாம். பெயிண்டர் வரும்போது அவற்றின் தலையில் டேப் ஒட்டிவிடச் சொல்லுங்கள், பட்டி படிந்துவிட்டால் பழைய எண்ணோடு ஒப்பிட முடியாது.